எஞ்சினியர் ஆகாத மாண்டிசோரி

மாண்டிசோரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கட்டணம் அதிகமான பாலர் பள்ளி. ஆனா அந்த முறை முதலில் உருவானது, படிப்பே வராது என்று கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக.

மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்தார். எஞ்சினியர் ஆகும் ஆசையில் ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தாராம். (நம்ம ஆளு!) பிறகு மனம் மாறி, 1896-இல் ரோமில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அங்குள்ள மனநலக் காப்பகங்களில் 'மந்தபுத்தி' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் அடைபட்டுக் கிடந்தார்கள். சாப்பிட்டதும் தரையில் ரொட்டித் துகள்களைத் தேடிப் பொறுக்குவார்களாம். அது பேராசை என்றார் காப்பாளர். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் வைத்து விளையாட அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. பசி வயிற்றில் இல்லை, கையில் என்று அவருக்குப் புரிந்தது.

இவர்களுக்கு மருந்தைவிட கற்பிக்கும் முறைதான் முக்கியம் என்று முடிவு செய்தார். இட்டார், செகுவான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் நூல்களைத் தன் கையாலேயே எழுதி மொழிபெயர்த்தார். 1900-இல் ரோமில் இதற்கென்றே தொடங்கிய பள்ளியை இன்னொரு டாக்டரோடு சேர்ந்து நடத்தினார். மரத்தில் எழுத்துகள் செய்யச் சொன்னார். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து, ஒலியைக் கேட்டு, விரலால் தடவிப் பழகினார்கள். சிலர் சாதாரணப் பள்ளித் தேர்விலேயே தேறிவிட்டார்கள்! எல்லாரும் பாராட்டினார்கள். அவருக்கோ வேறு கவலை. இவர்களே தேறினால், மற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்கள் என்னதான் செய்கின்றன? அந்தக் கேள்விதான் அவரை 1907-இல் சான் லொரென்சோ ஏழைக் குடியிருப்புக்குக் கொண்டு போனது.

நான் கணக்கு சொல்லித் தரும் ஒரு தம்பி, வாயால் கேட்டா டக்குனு பதில் சொல்வான். அதையே எழுதிக் கொடுத்தா வாசிக்கவே திணறுவான். வீட்டில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். இது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. அரசாங்க மருத்துவமனையில் பரிசோதிக்கக் கேட்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டிஸ்லெக்சியா சங்கங்கள் இருக்கின்றன. இன்றும் கண், காது, விரல் மூன்றையும் சேர்த்துத்தான் அங்கெல்லாம் பாடம் நடக்கிறது. முத்திரை விழுந்துடுமோ என்று அவன் அம்மா பயப்படுறாங்க. முத்திரை ஏற்கனவே விழுந்தாச்சு. சோம்பேறி என்பதும் முத்திரைதானே?

1939-இல், 69 வயதில், மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். பிறகு இத்தாலியும் போரில் இறங்கியது. எதிரி நாட்டுக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் தங்கியும் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார். 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார். 1952-இல் நெதர்லாந்தில் காலமானார்.