வைணு பாப்பு

மணலி கல்லாட் வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 - ஆகஸ்ட் 19, 1982) ஓர் இந்திய வானியலாளர் ஆவார். தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வகம் அமைத்தவர். பெரிய தொலைநோக்கியை உள்நாட்டிலேயே கட்டும் பணியைத் தொடங்கி, அது நிறைவுறும் முன்னரே காலமானார்.

இளமையும் கல்வியும்

இவர் சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத்திலுள்ள நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால் இளமையிலேயே வானோக்கலில் ஈடுபாடு கொண்டார். நிசாம் கல்லூரியில் பயின்றபின் 1949 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டே பாப்பு-பாக்-நியூகிர்க் வால்வெள்ளியைக் கண்டறிந்தார். 1952 இல் முனைவர் பட்டம் பெற்று, பாலோமர் வானாய்வகத்தில் ஆய்வு செய்தார். விண்மீன்களின் ஒளிர்வை அறிய உதவும் வில்சன்-பாப்பு விளைவு, ஒலின் வில்சனுடன் இவர் கண்டறிந்ததாகும். இது 1957 இல் வெளியிடப்பட்டது.

காவலூர்

1960 இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். இரவு வானோக்கலுக்கு ஏற்ற இடமாகக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கு முதலில் நிறுவப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி, நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில் உருவானது. 1972 இல் செருமனியிலிருந்து பெறப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய 1977 ஆம் ஆண்டு நோக்கல்களில் காவலூரும் பங்கு கொண்டது.

2.34 மீட்டர் தொலைநோக்கி

அடுத்த தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்ட பாப்பு முனைந்தார். ஆடியைத் தீட்டும் பணி பெங்களூரில் நடைபெற்றது. இதன் குழாய், மூடிய உருளையாக அன்றித் திறந்த சட்டகமாக அமைந்தது. இத்தகைய சட்டகத்தில் எடை குறைவு. வெப்பக் காற்று உள்ளே தேங்குவதில்லை. எனினும் குழாய் சாயும்போது சட்டகம் தொய்ந்தால் ஆடிகளின் ஒழுங்கு கெடும். இதற்குத் தீர்வாக, பாலோமரின் 5 மீட்டர் தொலைநோக்கிக்கென மார்க் செருரியே 1935 இல் ஒரு சட்டகத்தை வடிவமைத்தார். அதில் மேல்முனையும் கீழ்முனையும் ஒரே அளவு தொய்ந்து, ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். முக்கோணமாகப் பிணைந்த சட்டங்கள் இழுவிசையையும் அமுக்கத்தையும் மட்டுமே தாங்குவதால் குறைந்த எடையில் மிகுந்த உறுதி கிடைக்கிறது.

தொழில்சாரா வானியலாளர் கட்டும் சிறு தொலைநோக்கிகளுக்கும் இவ்விதி பொருந்தும். எஃகு, அலுமினியத்தைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு விறைப்பும் மும்மடங்கு எடையும் உடையது. ஆகவே எடைக்கேற்ற விறைப்பில் இரண்டும் சமம். அலுமினியம் வெப்பத்தால் ஏறக்குறைய இருமடங்கு விரிவடைவதால் குவியம் சற்று நகரும். இணைப்புகள் தளர்ந்தால் எப்பொருளும் பயன் தராது.

மறைவும் நினைவும்

1979 இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அப்பொறுப்பில் இருக்கும்போதே 1982 இல் மியூனிக் நகரில் காலமானார். தொலைநோக்கிப் பணியை உடன்பணியாற்றியோர் நிறைவு செய்தனர். 1986 சனவரி 6 அன்று அதற்கும் வானாய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 2016 இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி தொடங்கப்படும் வரை இதுவே இந்தியாவின் மிகப்பெரிய ஒளியியல் தொலைநோக்கியாக விளங்கியது.