ஆராய்ச்சி மாணவர் சந்திரசேகர்

பிறர் கண்டறிந்த உண்மைகளைக் கற்பிப்பது கல்லூரிக் கல்வி. எவரும் அறியாத உண்மையைத் தேடிச் செல்வது ஆராய்ச்சி. அவ்வரிய வழியில் தம் பத்தொன்பதாம் வயதிலேயே புறப்பட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; அன்னையார் சீதாலட்சுமி அம்மையார். சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா. சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றார். 1928இல் செருமானிய அறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். தாம் கற்ற பௌதிகம் பழமையாகிவிட்டது என்பதை அவர் வாயிலாக உணர்ந்த சந்திரசேகர், புதிய கொள்கைகளைத் தாமே முயன்று கற்றார். மறு ஆண்டே இவரது ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் வேத்தியல் கழக ஏட்டில் வெளிவந்தது.

1930இல் அரசாங்கம் இவருக்கு இங்கிலாந்து செல்ல உதவித்தொகை வழங்கியது. அவ்வேளையில் அன்னையார் கடும் நோயுற்றிருந்தார். சந்திரசேகர் மனம் கலங்கினார். ஆயினும், மகனின் கல்வி தம்மால் தடைபடலாகாது எனக் கருதிய அன்னையார் அவரை வற்புறுத்தி அனுப்பிவைத்தார்.

சூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. பயணத்தின்போது சந்திரசேகர் முதுமையுற்ற விண்மீன்களைப் பற்றிக் கணக்கிட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கும். நெருங்கிய எலெக்ட்ரான்களின் அழுத்தம் அச்சுருக்கத்தைத் தடுக்கும் என்பது பௌலர் என்னும் அறிஞரின் கொள்கை. அவ்வெலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமாதலின் ஐன்சுடைனின் சார்புக் கொள்கையையும் சேர்த்தெண்ண வேண்டும் எனச் சந்திரசேகர் கண்டார். அவ்வாறு எண்ணியபோது, ஓர் எல்லையைக் கடந்த நிறையுள்ள விண்மீனை அவ்வழுத்தம் தாங்காது என்பது புலனாயிற்று. கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. இன்று அது சந்திரசேகர் எல்லை எனப்படுகிறது.

கேம்பிரிட்சில் டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்த இவருக்குப் பௌலரே ஆராய்ச்சி வழிகாட்டியானார். ஆயின் அவரைக் காண்பதே அரிதாயிருந்தது. சென்னையில் முதன்மை பெற்று விளங்கிய இவர், அங்கே பேரறிஞர்கள் நடுவே தம்மைச் சிறியவராக எண்ணினார். குளிரும் தனிமையும் வருத்தின. புலால் உண்ணாத இவருக்கு உணவும் எளிதாக வாய்க்கவில்லை. தம் புதிய முடிவைப் பௌலர் தயங்கியே நோக்கியதால் அதனை அமெரிக்க ஏடொன்றுக்கு அனுப்பினார். அது 1931இல் வெளியாயிற்று. அவ்வாண்டு மே திங்களில் அன்னையார் மறைந்த செய்தி வந்தது. சந்திரசேகர் துயரத்தை அடக்கிக்கொண்டு உழைப்பில் ஆழ்ந்தார். டிராக் என்னும் அறிஞரின் அறிவுரைப்படி கோபன்கேகன் சென்று ஓராண்டு பயின்றார்.

1933இல் டாக்டர் பட்டம் பெற்றார். கணித மேதை இராமானுசன் முன்னர்ப் பெற்றிருந்த டிரினிட்டிக் கல்லூரி உறுப்பினர் என்னும் பெருமை, அவ்வாண்டே இவருக்கும் கிட்டியது. 1935இல் புகழ்மிக்க வானியலார் எடிங்டன் இவருடைய முடிவை அவையில் எள்ளி மறுத்தார். சந்திரசேகர் சினந்து பகைமை கொள்ளவுமில்லை. தம் முடிவைக் கைவிடவுமில்லை. பின்னர் அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். 1983இல் நோபெல் பரிசு இவரை நாடி வந்தது. 1995ஆம் ஆண்டு ஆகசுடு 21ஆம் நாள் மறைந்தார்.

இளமையில் கண்ட உண்மையை உலகம் ஏற்கும்வரை பொறுமையோடு உழைத்த இவரது வாழ்வு, கல்வி கற்போர் அனைவருக்கும் வழிகாட்டும் விண்மீனாகத் திகழ்கின்றது.