நைகர் ஆற்றைக் கண்ட மங்கோ பார்க்

ஆப்பிரிக்காவில் நைகர் என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் நீளம் சுமார் 4,180 கிலோமீட்டர். அது கிழக்கே ஓடுகிறதா, மேற்கே ஓடுகிறதா என்பது 18-ம் நூற்றாண்டின் கடைசி வரை ஐரோப்பாவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதை நேரில் பார்த்து வந்து சொன்னவர் மங்கோ பார்க்.

அவர் 1771-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். லண்டனில் இருந்த ஆப்பிரிக்கச் சங்கம் அவரை நைகரைத் தேடி அனுப்பியது. 1795 டிசம்பரில், 24-வது வயதில், காம்பியா ஆற்றங்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்டார்.

வழியில் அலி என்ற மூர் தலைவன் அவரைப் பிடித்து வைத்துக் கொண்டான். பசியும் தாகமும் காய்ச்சலும் அவரை வாட்டின. 1796 ஜூலையில் தப்பி ஓடினார். மிஞ்சியது ஒரு மெலிந்த குதிரைதான். உணவு வாங்கக் கையில் ஒன்றும் இல்லை.

ஆறு தெரிந்தது!

அதே மாதம் செகு நகரை அடைந்தார். இன்று அது மாலி நாட்டில் இருக்கிறது. காலை வெயிலில் அகன்ற ஆறு பளபளத்தது. மெதுவாகக் கிழக்கு நோக்கி ஓடியது. பார்க் ஓடிப்போய் அதன் தண்ணீரைக் குடித்தார்.

ஆனால் ஆற்றைக் கடக்க ராஜா அனுமதிக்கவில்லை. ஒரு கிராமத்தில் தங்கச் சொன்னார். அங்கே யாரும் அவரை வீட்டுக்குள் விடவில்லை. பகல் முழுவதும் பட்டினியாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாலையில் காற்று வீசியது. மழை வரும்போல் இருந்தது. காட்டு மிருகங்களுக்குப் பயந்து மரத்தில் ஏறித்தான் இரவைக் கழிக்க வேண்டும் என்ற நிலை.

கழனியில் வேலை முடித்துத் திரும்பிய ஒரு பெண் அவரைப் பார்த்தாள். சேணத்தைத் தூக்கிக் கொண்டு, தன் குடிசைக்கு அழைத்துச் சென்றாள். விளக்கு ஏற்றினாள். மீன் சுட்டுக் கொடுத்தாள். படுக்கப் பாய் விரித்தாள். அந்த வீட்டுப் பெண்கள் இரவு நெடுநேரம் பஞ்சு நூற்றார்கள். நூற்றுக்கொண்டே, அவர்மேல் இரக்கப்பட்டுப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அவர் சட்டையில் 4 பித்தளைப் பொத்தான்கள் இருந்தன. காலையில் இரண்டை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்.

புதரில் சிங்கம்

ராஜா 5,000 சோழிகள் அனுப்பி, ஊரை விட்டுப் போகச் சொன்னார். 100 சோழி இருந்தால் ஒரு நாள் சாப்பாட்டுக்கும் குதிரைத் தீனிக்கும் போதும். ஆற்றோரமாக மேலும் சென்றார். கிராமத்தார் ஷீ மரத்தின் பழங்களைப் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். அதன் பருப்பைக் காயவைத்து, வேகவைத்து வெண்ணெய் எடுப்பார்கள். உப்புப் போடாமலே அது ஓராண்டு கெடாது. ஒரு நாள், புதர் அருகே ஒரு சிங்கம் படுத்திருந்தது. அது பாயவில்லை. குதிரை மெதுவாகக் கடந்து போயிற்று.

மழைக்காலம் வந்ததால் பார்க் திரும்பினார். 1797 டிசம்பரில் தாய்நாடு சேர்ந்தார். 1799-ல் தம் பயணத்தைப் புத்தகமாக எழுதினார்.

1805-ல் மீண்டும் போனார். இந்த முறை சிப்பாய்கள் உட்பட சுமார் 40 பேரும் துப்பாக்கிகளும் உடன் சென்றன. நைகரை அடைவதற்குள் பெரும்பாலோர் காய்ச்சலில் இறந்தனர். மிஞ்சிய சிலருடன் படகில் சென்றார். கரையில் இருந்தவர்களுடன் சண்டை மூண்டது. 1806-ல் புஸ்ஸா என்ற இடத்தில், பாறைகள் நிறைந்த நீரோட்டத்தில் மூழ்கி இறந்தார்.

தனியாக, வெறுங்கையோடு போனபோது அவரைக் காப்பாற்றியது ஒரு ஏழைப் பெண்ணின் குடிசை. அவள் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை.