10 சதவீத விதி தெரியும்... 26 வயதில் மறைந்த லிண்டமேனைத் தெரியுமா?

புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு விழுங்கும். இந்த உணவுச் சங்கிலியை எல்லோரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். கூடவே 10 சதவீத விதியும் வரும். புல்லில் 1,000 கலோரி இருந்தால் வெட்டுக்கிளிக்கு 100, தவளைக்கு 10, பாம்புக்கு வெறும் 1. இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்தான் ரேமண்ட் லிண்டமேன்.

யார் இவர்?

1915-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது சீடர் பாக் ஏரி. ஏரின்னு பேருதானே தவிர, ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான்!

அந்தச் சேற்று நீரில் மனைவி எலினோரும் அவரும் சேர்ந்து ஐந்து வருடங்கள் மாதிரிகள் எடுத்தார்கள். பாசி, நுண்ணுயிர், புழு, பூச்சி, மீன் என எதையும் விடவில்லை.

அப்படி என்ன புதுசா செய்தார்?

எது எதைத் தின்னுது என்று பட்டியல் போடுவது அப்போதே இருந்தது. லிண்டமேன் கேட்டது வேற கேள்வி: சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் எவ்வளவு, யாரிடம் போய்ச் சேருகிறது?

எல்லா உயிர்களையும் மட்டம் மட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஆற்றலையும் கலோரியில் கணக்கிட்டார். ஏரிக்கு வந்த சூரிய ஆற்றலில் தாவரங்கள் பிடித்து வைத்தது சுமார் 0.1 சதவீதம்தான். அதில் ஏறத்தாழ 13 சதவீதம் தாவர உண்ணிகளுக்குப் போனது. அதிலிருந்து சுமார் 22 சதவீதம் அவற்றைத் தின்னும் உயிர்களுக்கு.

மீதி எங்கே போச்சு? சுவாசத்திலும் இயக்கத்திலும் வெப்பமாக வெளியேறியது. தின்னப்படாமல் மிஞ்சியதும் செத்து மட்கியதும் அடிச்சேற்றில் பாக்டீரியாவுக்கு உணவானது. ஒருமுறை வெப்பமாகப் போன ஆற்றல் திரும்பி வராது. காட்டில் மான்கள் நிறைய, புலிகள் கொஞ்சம் என்பதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குதான்.

நிராகரிக்கப்பட்ட கட்டுரை

1941-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சனிடம் சேர்ந்த லிண்டமேன், தன் கட்டுரையை 'ஈக்காலஜி' இதழுக்கு அனுப்பினார். அதைப் பரிசீலித்த சான்சி ஜூடே, பால் வெல்ச் இருவருமே ஏரி ஆய்வில் பெரிய ஆட்கள். இவ்வளவு பெரிய கோட்பாட்டுக்கு ஆதாரம் போதாது என்று இருவரும் கைவிரிக்க, கட்டுரை திரும்பி வந்தது.

ஹட்சின்சன் விடவில்லை. மாணவருக்காக வாதாடிக் கடிதம் எழுதினார். திருத்தப்பட்ட கட்டுரையை ஆசிரியர் தாமஸ் பார்க் ஏற்றுக்கொண்டார். ஆனால் கல்லீரல் நோயால் அவதிப்பட்டுவந்த லிண்டமேன், 1942 ஜூன் 29 அன்று இறந்துபோனார். 27-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. கட்டுரை வெளிவந்தது அக்டோபரில். அச்சில் அதை அவர் பார்க்கவே இல்லை.

அப்போ 10 சதவீதம்?

மேலே உள்ள எண்களைக் கவனிச்சீங்களா? ஒன்றுகூட சரியாக 10 இல்லை. மட்டத்துக்கு மட்டம் மாறும் என்பதுதான் அவர் ஏரியில் கண்டது. நினைவில் வைக்க எளிதாக, பின்னாளில் நிலைத்துவிட்ட சராசரிக் கணக்குதான் 10.

ஆதாரம் போதாது என்று திருப்பப்பட்ட ஆய்வு, இன்று பாடப்புத்தகத்தில் விதியாக நிற்கிறது. அடுத்த முறை அதைப் படிக்கும்போது, இடுப்பளவு ஆழ ஏரியில் சேற்றை அள்ளி எண்ணிய அந்த இளைஞரையும் நினைச்சுக்கோங்க.