சபையில் சாட்சி நின்ற அய்யன்காளி

திருவனந்தபுரத்தில் பாளையத்தை அடுத்து ஒரு பழைய மண்டபம் இருக்கின்றது. விக்டோரியா மகாராணியாரின் ஜூபிலி நினைவாக 1896-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்றமையால் நெடுங்காலம் அது வி.ஜே.டி. மண்டபம் என்றே வழங்கி வந்தது. 2019-ஆம் ஆண்டில் கேரள அரசு அதற்கு அய்யன்காளி மண்டபம் என்று பெயர் சூட்டியது. எழுதப் படிக்க அறியாத ஓர் உழவர் மகன், 1912-ஆம் ஆண்டில் அம்மண்டபத்தினுள் கூடிய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் திவான் முன்னிலையில் எழுந்து நின்று, தம் மக்கள் படும் பாட்டினைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தார். அப்பெரியாரின் வரலாற்றைச் சாட்சியம் என்னும் ஒரு பொருளை முன்வைத்து ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அன்பர்காள்! நாம் நாள்தோறும் மேற்கொள்ளும் பஞ்சசீலத்துள் நான்காவது பொய்யுரை தவிர்த்தல். இதனை விளக்கப் புகுந்த பகவன் புத்தர் எடுத்துக்காட்டிய இடம் எது? கடைவீதியன்று, இல்லத்து அடுக்களையன்று. சபைக்கோ அரசவைக்கோ சாட்சியாக அழைக்கப்பெற்ற ஒருவன், அறிந்ததை அறியேன் என்பதும் கண்டதைக் காணேன் என்பதுமே அவர் காட்டிய பொய். ஆயின் ஒரு கேள்வி எழுகின்றது. சபைக்கு அழைக்கப்படவே மாட்டாதவன் யாது செய்வான்? வாயிலுக்கே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவனுடைய மெய்யை எவர் கேட்பர்? திருவாங்கூர்ப் புலையர் இருந்த நிலை அதுவே. புலம் எனும் வயலில் உழைப்போர் என்ற பொருளில் அப்பெயர் வந்தது என்பர் பலர். பிற்காலத்தார் அதனை இழிசொல்லாக்கினர்.

1855-ஆம் ஆண்டில் திருவாங்கூரில் அடிமைமுறை அரச விளம்பரத்தால் ஒழிக்கப்பட்டது. ஏட்டில் ஒழிந்ததேயன்றி வயலில் ஒழியவில்லை. குடிசை நின்ற மனை ஆண்டைக்குரியது. உண்ணும் நெல் ஆண்டை அளப்பது. நடக்கும் வழியும் ஆண்டை விட்டால் உண்டு. வழக்கு என்று ஒன்று வந்து நியாயஸ்தலத்திற்குப் போனாலோ, கட்டடத்தினுள் அடிவைக்க இயலாது. தீண்டாமையேயன்றி அணுகாமையும் உண்டாதலால், இத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. தொலைவில் நின்று அவர் கூவிச் சொல்வதை இடைநின்ற ஒருவன் கேட்டுச் சென்று நடுவரிடம் உரைப்பான். அவன் எந்தச் சாதியினன், எவர் நெல்லை உண்பவன் என்பதை யான் சொல்லவும் வேண்டுமோ! புலையன் சொன்னது ஒன்று, ஏட்டில் ஏறியது வேறொன்று என ஆவதற்கு அந்த நூறடித் தொலைவே போதும்.

இக்கொடுமை நம் நாட்டிற்கே உரியது என்று எண்ணற்க. அமெரிக்காவின் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1854-இல் ஒரு தீர்ப்பு அளித்தது. ஒரு வெள்ளையன் சீனர் ஒருவரைக் கொன்றான். அதனைக் கண்ட சீனர் சாட்சி சொல்ல, அவன் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டான். வெள்ளையனுக்கு எதிராகச் சீனர் சொல்லும் சாட்சியம் செல்லாது என்று மேல்மன்றம் கூறி அத்தீர்ப்பைத் தள்ளிற்று. அங்கு சட்டத்தை எழுதித் தடுத்தனர். இங்கு தூரத்தை அளந்து தடுத்தனர்.

அடிமை விளம்பரம் வந்து எட்டாண்டு கழித்து, 1863 ஆகஸ்டு 28-ஆம் நாள், திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூரில் அய்யன், மாலா என்பாருக்கு மூத்த மகவாய் அய்யன்காளி பிறந்தார். தந்தையார் காடு திருத்திக் கொடுத்த உழைப்பிற்காக அவர்தம் ஆண்டை சிறிது நிலம் கொடுத்திருந்தார். அக்காலத்தில் அது பெரிதும் அரிய செய்தி. காலூன்ற ஒரு துண்டு மண் சொந்தமாக இருந்தவர் வீட்டிலேதான் தலைநிமிர்ந்த பிள்ளை வளர முடிந்தது என்பது என் கருத்து. இளமையில் மல்லும் அடிமுறையும் பயின்ற இளைஞரைத் தம்மைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டார்.

1893-ஆம் ஆண்டில் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டியும் மேலங்கியும் தலைப்பாகையும் அணிந்து, மணி கட்டிய காளைகள் இழுக்க, பொதுவழியில் ஓட்டிச் சென்றார். வழி மறித்தோர் பலர்; அவர் வண்டியைத் திருப்பவில்லை. 1898-இல் வழிநடை உரிமைக்காக இளைஞருடன் சென்றபோது பாலராமபுரம் சாலியர் தெருவில் பெருங்கலகம் மூண்டு இருபுறத்தாரும் காயமுற்றனர். இந்நிகழ்ச்சிகளைப் பலரும் வீரச் செயல் என்றே புகழ்கின்றனர். புகழட்டும். ஆயின் வீரம் மட்டும் கொண்டு அவர் நின்றிருப்பாராயின் ஊர்ச் சண்டியர் என்றே மறக்கப்பட்டிருப்பார். அவர் மேலும் சென்றார்.

இதற்கிடையில் தமிழ்நாட்டிற் பிறந்து திருவனந்தபுரம் தைக்காட்டில் ரெசிடென்சியில் அலுவல் பார்த்த அய்யாவு சுவாமிகள் என்னும் பெரியாரை நினைவுகூர்தல் நம் கடன். ஸ்ரீ நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் பயின்றனர். தம் இல்லத்துத் தைப்பூச விருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தியபோது அய்யன்காளியையும் அவர் அமர்த்தினார். சாதியார் சினந்தனர். தமிழர் ஒருவரின் பந்தியில் அய்யன்காளிக்கு இடம் கிடைத்தது என்பதில் நமக்குச் சிறிது பெருமை கொள்ளலாம்.

1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் தோன்றிற்று. வெங்ஙானூரில் அவர் முன்பு கட்டிய பள்ளிக்கூடக் குடிசை எரிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளைச் சர்க்கார்ப் பள்ளியிற் சேர்க்க மறுத்தால் உங்கள் வயலில் புல் முளைக்கும் என்ற கருத்துப்பட எச்சரித்துவிட்டு, உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்வித்தார். பட்டினி வாட்டியது. கடற்கரை மீனவர் புலையரைத் தம் தோணிகளில் ஏற்றிக்கொண்டு தொழில் கொடுத்தனர். அப்போராட்டத்தின் கோரிக்கைகளைப் படிப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பள்ளி நுழைவு, வார ஓய்வு, கூலி ஆகியவற்றோடு, தொழிலாளர் மீது பொய் வழக்குப் புனைவதை நிறுத்துக என்பதும் ஒன்று. பொய் வழக்கு எதனால் நிற்கும்? பொய்ச் சாட்சியால் நிற்கும். ஆண்டைக்கு வேண்டிய நால்வர் வந்து சொன்னால் போதும். குற்றம் சாட்டப்பட்டவனோ வெளியே மரத்தடியில் நிற்கின்றான். இறுதியில் மாஜிஸ்திரேட் கண்டலா நாகம்பிள்ளை மத்தியஸ்தராக இருந்து சமரசம் செய்துவைத்தார். பள்ளியிற் சேர்க்கும் உத்தரவு பின்னர் உறுதியாயிற்று. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியின் கைபிடித்து அய்யன்காளி பள்ளிக்குள் அழைத்துச் சென்றதும், அப்பள்ளி கொளுத்தப்பட்டதும் அனைவரும் அறிந்ததே.

சபைக்கு அவர் சென்ற வரலாறு கேட்கத்தக்கது. பிரஜா சபையில் புலையருக்காகப் பேசும்படி முதலில் நியமிக்கப்பெற்றவர் புலையரல்லர். சுபாஷிணி இதழாசிரியர் பி.கே. கோவிந்தப்பிள்ளை. அவர் 1911-இல் சபையில் எழுந்து, இம்மக்களுக்காக இம்மக்களுள் ஒருவரே வந்து பேசுதல் தகும் என்னும் கருத்தைத் தெரிவித்தார். தமக்குக் கிடைத்த இருக்கையை உரியவர்க்கு விட்டுக்கொடுக்கக் கேட்ட அவ்வுள்ளம் போற்றற்குரியது. திவான் பி. ராஜகோபாலாச்சாரி அதனை ஏற்றார். அவ்வாண்டு டிசம்பரில் அய்யன்காளி நியமனம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் சபை ஏறினார்.

அவர் சென்று பேசியது என்ன? அலங்காரப் பேச்சன்று. குடியிருக்க மனையில்லை, தரிசாய்க் கிடக்கும் புதுவல் நிலம் வேண்டும், சர்க்கார் கொடு என்று எழுதினாலும் கீழ் அலுவலர் கொடுப்பதில்லை, சாதியார் இடையூறு செய்கின்றனர், பள்ளியில் சேர்ப்பதில்லை. எந்த ஊர், என்ன தடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தாம் கண்டவையும் தம்மிடம் மக்கள் வந்து அழுது சொன்னவையுமே அவர் மூலதனம். அதன் பயனாக விளாப்பில் பகுதியில் 500 ஏக்கர் நிலம், குடும்பத்திற்கு ஓர் ஏக்கராக 500 குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இருபதாண்டுக்கு மேல் அவர் அச்சபையில் இருந்தார். மலையாளத்தில் அவர் பேசியது ஆங்கிலத்தில் சபை நடவடிக்கையாக அச்சேறிற்று. நூறடித் தொலைவு அங்கே இல்லை. இடைநின்று திரிப்பவனும் இல்லை.

எனினும் பிரஜா சபையில் ஒருவர் பேசியதனால் ஊர்தோறும் நியாயஸ்தலக் கதவு திறந்துவிடவில்லை. ஆகவே வெங்ஙானூரில் சங்கத்தின் சார்பில் ஒரு சமுதாய நீதிமன்றத்தை அவர் ஏற்படுத்தினார். கிளைச் சங்கங்களில் தீராத வழக்கு அங்கே வரும். சர்க்கார் மன்றம் போலவே வாதி, பிரதி, சாட்சி எல்லாம் முறைப்படி விசாரிக்கப்படுவர். அய்யன்காளியே தலைமை நடுவர். குடும்பச் சண்டை, எல்லைத் தகராறு, கடன் முதலியன அங்கே தீர்ந்தன. இதைச் சிறிய செய்தி என்று சிலர் விட்டுவிடுகின்றனர். எனக்கோ அவர் செய்தவற்றுள் மிகவும் ஆழ்ந்தது இதுவே என்று தோன்றுகின்றது. தலைமுறை தலைமுறையாகத் தொலைவில் நின்று கூவியவன், முதன்முறையாக ஒரு நடுவர் எதிரே நேரில் நின்று, தன் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்ட இடம் அது.

சாட்சி சொல்வதன் ஆபத்தை 1915-ஆம் ஆண்டு கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் காண்கின்றோம். புலைப்பெண்கள் கழுத்தில் கல்மாலை மட்டுமே அணிய வேண்டும், மார்பை மறைக்கலாகாது என்பது வழக்கம். அதனை அறுத்தெறிய வேண்டும் என்று கோபாலதாசன் தலைமையில் அக்டோபர் 24-ஆம் நாள் கூட்டம் கூடியது. கூட்டம் தாக்கப்பட்டது, கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அடி பட்டவர்களே கைதாகிக் குற்றவாளிக் கூண்டிற்கு வந்தனர். எரிந்த குடிசைக்கு உரியவன் சாட்சி சொல்லச் சென்றால், மீண்டும் குடிசை போட இடம் எவனிடம் கேட்பான்? கொளுத்தினவனிடமே கேட்க வேண்டும்.

யான் நூற்பாலையில் உழைத்த நாளிற் கண்டது ஒன்று. மேஸ்திரி ஒரு தொழிலாளியை அறைந்ததை நாற்பது பேர் கண்டிருப்பர். விசாரணை என்று வந்தால், அந்நேரம் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை என்பர் அனைவரும். அவர்களைப் பொய்யர் என்று தூற்ற எனக்கு மனம் வருவதில்லை. மறுநாள் அவர்கள் அதே மேஸ்திரியிடமே வேலை கேட்டு நிற்க வேண்டும். சீலம் காக்க மனவுறுதி வேண்டும். மனவுறுதிக்குப் பின்னால் சோறும் கூரையும் துணைக்கு நாலு பேரும் வேண்டும்.

அத்துணையைத்தான் அய்யன்காளி பெரிநாட்டாருக்குக் கொண்டுவந்தார். டிசம்பரில் கொல்லம் பீரங்கி மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் ஒன்றில் பெருங்கூட்டம் கூட்டினார். சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை தாங்கினார். சாதி இந்துக்களும் நிறைந்த அச்சபையில், பெண்களை மேடைக்கு அழைத்துக் கல்மாலையை அறுத்தெறியும்படி அய்யன்காளி வேண்ட, அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அரிவாளால் அறுத்துப் போட்டனர். மாலைகள் குவியலாயின. வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமலே ஆயிரம் பேர் முன்னிலையில் அளிக்கப்பட்ட வாக்குமூலம் என்று இதனை யான் கொள்கின்றேன். வழக்குகளை நடத்த இலஞ்சிக்கல் ஜான் என்ற வக்கீல் முன்வந்தார். அவருக்குக் கொடுக்க மக்களிடம் பணமில்லை. கூலிக்கு ஈடாக மண்வெட்டி எடுத்து ஒரு குளம் வெட்டிக் கொடுத்தனர். கொல்லத்தில் கம்மான்குளம் என்று பெயர் பெற்றது அதுவே.

நூறாண்டு கழித்து, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளுக்கென ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. சாட்சிக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, விசாரணைக் காலத்தில் பிழைப்பதற்கான உதவி, தேவையாயின் வேறிடத்தில் குடியமர்த்தல் ஆகியவற்றை அது அரசின் கடமையாக்குகின்றது. பெரிநாட்டாருக்கு அக்கடமையை ஒரு வக்கீலும், ஒரு சங்கமும், ஒரு மண்வெட்டியும் செய்தன. நம் உபாசகர் ஒவ்வொருவரும் அப்பதினைந்து-அ பிரிவை ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்தாவது கேட்டு அறிந்துகொள்வது நன்று.

1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவாங்கூர் ஆலயங்கள் இந்துக்கள் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்து அய்யன்காளியைக் கண்டார். வேண்டுவது என்ன என்று அறிய விரும்பிய அடிகளிடம், தம் கண் மூடுமுன் தம் சமூகத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றவராதலைக் காண வேண்டும் என்ற விருப்பத்தையே அவர் வெளியிட்டார். கோயில் திறந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அவர் கேட்டதோ பள்ளிக்கூடத்தின் பயன். தம் கையால் எழுத இயலாத ஒருவர், தமக்குப் பின் சபையில் நிற்பவர் எழுதவும் வல்லவராய் இருத்தல் வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

1941 ஜூன் 18-ஆம் நாள் அவர் மறைந்தார். வெங்ஙானூரிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1980 நவம்பரில் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் பிரதமர் இந்திரா காந்தி அவரது சிலையைத் திறந்துவைத்தார். தலைப்பாகையும் நீண்ட கோட்டும் அணிந்து நிற்கும் அச்சிலையைச் சுற்றிப் பேருந்துகள் இடைவிடாது செல்கின்றன. அங்கிருந்து, அவர் எழுந்து பேசிய மண்டபத்திற்கு நடந்தே போய்விடலாம்.