ஐன்ஸ்டீன் எழுப்பிய கேள்விக்கு டெஸ்ட் வைத்தவர்: யார் இந்த ஜான் பெல்?

2022-ம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. பிரான்ஸின் அலன் ஆஸ்பே, அமெரிக்காவின் ஜான் கிளாசர், ஆஸ்திரியாவின் ஆண்டன் சைலிங்கர். பரிசு எதற்காக என்று சொன்ன அறிவிப்பில் நான்காவதாக ஒரு பெயரும் இருந்தது: பெல்.

ஆனால், அந்த ஜான் பெல் மேடைக்கு வரவில்லை. வரவும் முடியாது. அவர் 1990-லேயே இறந்துவிட்டார். இறந்துபோனவரை நோபல் பரிசுக்குத் தேர்வு செய்வதில்லை.

மூன்று பேரின் பரிசுக்கு அடிப்படையாக இருந்த அந்த மனிதர் யார்? அப்படி என்னதான் செய்தார்?

லேப் உதவியாளராகத் தொடங்கியவர்

ஜான் ஸ்டூவர்ட் பெல் பிறந்தது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், 1928 ஜூலை 28 அன்று. வசதியில்லாத குடும்பம். உடன்பிறந்தவர்கள் 14 வயதையொட்டி பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஜானை மட்டும் எப்படியோ மேலே படிக்க வைத்தார்கள்.

16 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரியில் சேர வயது போதவில்லை. அதனால் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையிலேயே லேப் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருஷம் கழித்து அதே துறையில் மாணவரானார். 1948, 1949 என அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு பட்டங்கள் வாங்கினார்.

படிக்கும்போதே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த குவாண்டம் இயற்பியல். விடை சரியாக வருகிறது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று ஆசிரியரிடம் காரசாரமாக வாதிட்டார்.

அப்படி என்ன பிரச்னை?

மேஜை மேல் ஒரு பந்து இருக்கிறது. நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும். எலக்ட்ரான், ஒளித்துகள் போன்ற மிகச் சிறியவற்றுக்கு குவாண்டம் இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை. அளந்து பார்த்தால் எந்த விடை எத்தனை சதவீதம் வரலாம் என்று மட்டும்தான் சொல்லும். அளப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை என்பது டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர் அணியின் நிலைப்பாடு.

ஐன்ஸ்டீனுக்கு இது பிடிக்கவில்லை. 1935-ல் பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு துகள்கள் வெகுதூரம் பிரிந்து போகின்றன. இங்கே ஒன்றை அளந்தால், அங்கே இருப்பதைப் பற்றியும் உடனே தெரிந்துவிடுகிறது. இங்கே செய்த வேலை அந்தக் கணமே அங்கே பாதிப்பை ஏற்படுத்த முடியாது. அப்படின்னா, அந்த விடை முன்கூட்டியே அங்கே இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாத குவாண்டம் கோட்பாடு முழுமையானது இல்லை. இதுதான் ஐன்ஸ்டீனின் வாதம்.

அதே ஆண்டில் போர் பதில் எழுதினார். ஆனால் முடிவு வரவில்லை. ஐன்ஸ்டீன் 1955-ல் இறந்தார், போர் 1962-ல் இறந்தார். பெரும்பாலான விஞ்ஞானிகள் இதைத் தத்துவ வாக்குவாதம் என்று ஓரங்கட்டிவிட்டு, கணக்குப் போடும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மூடப்பட்ட கேஸை மறுபடி திறந்தவர்

ஓரங்கட்ட இன்னொரு காரணமும் இருந்தது. குவாண்டம் கோட்பாட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் விவரங்கள் எதுவும் இருக்கவே முடியாது என்று, கணித மேதை வான் நாய்மன் 1932-ல் நிரூபித்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். அந்தப் புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. பெல்லுக்கு ஜெர்மன் தெரியாது.

1952-ல் டேவிட் போம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட அந்தக் காரியத்தைச் செய்துகாட்டினார். மறைந்திருக்கும் விவரங்களோடு ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். அப்போ வான் நாய்மன் நிரூபணத்தில் எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும் என்பது பெல்லுக்குப் புரிந்தது.

ஆனால் உடனே அதில் இறங்க முடியவில்லை. பிழைப்பு வேறு. பிரிட்டனின் அணுசக்தி ஆய்வு நிலையத்தில், துகள்களை முடுக்கும் எந்திரங்களை வடிவமைக்கும் வேலை. அங்கே சந்தித்த சக விஞ்ஞானி மேரி ராஸை 1954-ல் திருமணம் செய்தார். 1960-ல் இருவரும் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்துக்கு மாறினார்கள். அங்கேயும் சம்பளம் துகள் இயற்பியலுக்குத்தான். குவாண்டம் அடிப்படைக் கேள்விகள் எல்லாம் ஓய்வு நேரத்தில்.

1963-ல் செர்னிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்து அமெரிக்கா போனார். அந்த விடுப்பில்தான் அந்தக் கட்டுரை பிறந்தது. வான் நாய்மன் நிரூபணத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தார். அதோடு நிற்கவில்லை. போம் கோட்பாட்டில் ஒரு துகளுக்கு நடப்பது தூரத்தில் இருக்கும் இன்னொன்றை உடனே பாதிக்கிறது. இது போம் செய்த கோளாறா, இல்லை இயற்கையே அப்படித்தானா? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 6 பக்கக் கட்டுரை ஒன்றை 1964-ல் எழுதினார். வெளியிட்டது அப்போதுதான் தொடங்கிய ஒரு சிறிய இதழ். சில ஆண்டுகளில் அந்த இதழும் நின்றுபோனது.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது?

பெல்லின் சக விஞ்ஞானி ரைன்ஹோல்ட் பெர்ட்ல்மன் எப்போதும் இரண்டு கால்களிலும் வெவ்வேறு நிற சாக்ஸ் போடுவார். ஒரு காலில் பிங்க் என்று பார்த்துவிட்டால், மற்ற காலில் பிங்க் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். இதில் ஒரு மர்மமும் இல்லை. காலையிலேயே முடிவான விஷயம். பிணைந்த துகள்களும் இந்த சாக்ஸ் மாதிரிதானா என்பதுதான் பெல்லின் கேள்வி.

ஒரு விளையாட்டு மூலம் இதைப் புரிந்துகொள்ளலாம். பின்னால் வந்தவர்கள் எளிமையாக்கிய வடிவம் இது. இரண்டு நண்பர்கள் தனித்தனி அறையில் இருக்கிறார்கள். பேசிக்கொள்ள முடியாது. ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் சிவப்பு அல்லது நீலச் சீட்டு வரும். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்ற எல்லா நேரத்திலும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்கூட்டியே என்ன திட்டம் போட்டாலும், நீண்ட நேரம் ஆடினால் 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. இதுதான் வரம்பு. ஆனால் பிணைந்த துகள்களை ஆளுக்கு ஒன்று கையில் வைத்துக்கொண்டு, அவற்றை அளந்து பதில் சொன்னால் சுமார் 85 சதவீதம் வரை ஜெயிக்கலாம் என்கிறது குவாண்டம் கணக்கு.

75 சதவீதத்துக்குள் நின்றால் ஐன்ஸ்டீன் பக்கம், தாண்டினால் குவாண்டம் பக்கம். தத்துவம் என்று ஒதுக்கப்பட்ட கேள்வி, ஆய்வகத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய கேள்வியாக மாறியது இப்படித்தான்.

வேலை கிடைக்காது என்ற பயம்

சில ஆண்டுகள் கட்டுரையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜான் கிளாசர் மாணவராக இருந்தபோது அதைப் படித்தார். குவாண்டம் தோற்கும் என்று எதிர்பார்த்தவர் அவர். 1972-ல் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனுடன் பெர்க்லியில் சோதனை செய்தார். வரம்பு உடைந்தது. அவர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். அதன் பிறகும் பேராசிரியர் வேலை கிடைக்காமல் திண்டாடினார். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அப்போது அவ்வளவுதான் மரியாதை.

இந்த நிலைமை பெல்லுக்கு நன்றாகவே தெரியும். சோதனைத் திட்டத்தோடு தன்னைத் தேடிவந்த இளைஞர் அலன் ஆஸ்பேவிடம் அவர் முதலில் விசாரித்தது இயற்பியலைப் பற்றி அல்ல. நிரந்தர வேலை இருக்கிறதா என்றுதான். இருக்கிறது என்று தெரிந்த பிறகே ஊக்கம் கொடுத்தார். துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே அளக்கும் முறையை மாற்றி, 1982-ல் ஆஸ்பே குழு செய்த சோதனையிலும் வரம்பு உடைந்தது. மிச்சமிருந்த முக்கிய சந்தேகங்களையும் அடைத்து 2015-ல் நடந்த சோதனைகளிலும் அதே முடிவு.

இதில் ஒரு முரண் உண்டு. பெல்லின் மனசு ஐன்ஸ்டீன் பக்கம்தான் இருந்தது. நாம் பார்க்காதபோதும் உலகம் ஒரு நிலையில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். ஆனால் அவர் வைத்த பரீட்சையில், ஐன்ஸ்டீன் கேட்ட வடிவில் அந்த விளக்கம் தோற்றது. முடிவை அவர் மறுக்கவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்ற விவாதத்தைத் தொடர்ந்தார். அளப்பதற்கு முன் விடை இருந்தது என்பதையா? தூரத்தில் இருப்பது உடனே பாதிக்காது என்பதையா? அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ஒன்று மட்டும் உறுதி: இந்தப் பிணைப்பை வைத்து ஒளியை விட வேகமாகத் தகவல் அனுப்ப முடியாது.

இதனால் நமக்கு என்ன?

1991-ல் ஆர்டர் எக்கர்ட் என்ற விஞ்ஞானி, பெல் வரம்பை வைத்தே ரகசியச் செய்தியைப் பாதுகாக்கும் வழியைச் சொன்னார். இடையில் யாராவது ஒட்டுக்கேட்டால் பிணைப்பு கெடும், எண்ணிக்கை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்று அரசுகள் பணம் கொட்டும் குவாண்டம் தகவல் தொழில்நுட்பத்தின் வேர்களில் ஒன்று அந்த 6 பக்கம்.

இதைப் பார்க்க பெல் இல்லை. 1990 அக்டோபர் 1 அன்று, 62 வயதில், மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் ஜெனீவாவில் இறந்தார்.

பெல்ஃபாஸ்ட் நகரில் தனிநபர்களின் பெயரைத் தெருவுக்கு வைப்பது வழக்கம் இல்லை. அதனால் அவருடைய தேற்றத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். அங்கே இப்போது பெல்ஸ் தியரம் கிரசென்ட் என்று ஒரு தெரு இருக்கிறது.