மூன்றாம் சாலார் சங்

ஐதராபாத்து நிசாமின் திவான்கள் குடியில் 1889ஆம் ஆண்டு சூன் திங்களில் தோன்றியவர் மீர் யூசுப் அலிகான். பிறந்து ஒரு திங்கள் நிறையுமுன்பே தந்தையை இழந்தார். 1912இல் தாமும் திவானாகி மூன்றாம் சாலார் சங் எனப் பெயர் பெற்ற அவர், இரண்டே ஆண்டுகளில் அப்பதவியினின்றும் விலகினார். பின்னர்த் தம் பெருஞ்செல்வத்தைக் கலைப்பொருள்கள் திரட்டுவதிலேயே செலவிட்டார். வணிகர்கள் அவர் மாளிகையை நாடி வந்த வண்ணம் இருந்தனர்.

அவர் திரட்டியவற்றுள் பிரான்சு நாட்டு அறைகலன்கள் குறிப்பிடத்தக்கவை. பதினைந்தாம் லூயி மன்னன் காலத்துக் கலன்கள் வளைந்த கால்களை உடையவை. அடுத்த மன்னன் காலத்திலோ பண்டைக் கிரேக்க, உரோமக் கலையைப் பின்பற்றி, நேரிய கால்களும் மலர்மாலைச் செதுக்கல்களும் அமைந்தன. பளிங்கும் பொன்முலாமும் நிலைக்கண்ணாடியும் அக்கலன்களுக்கு அழகூட்டின. அக்கண்ணாடியின் விந்தையைக் காட்டும் பிரான்சு நாட்டு மரச்சிலை ஒன்றும் அவர் தொகுப்பில் உண்டு. முன்னே தீயோன் ஒருவன் செருக்கி நிற்கிறான். பின்னேயுள்ள கண்ணாடியிலோ தலைகுனிந்த நங்கை தோன்றுகிறாள். இரண்டும் ஒரே மரத்தில் செதுக்கியவை!

சாலார் சங் மணம் செய்துகொள்ளவில்லை. 1949 மார்ச்சு 2ஆம் நாள் அவர் மறைந்தபோது, மாளிகை நிறைந்த அரும்பொருள்களுக்கு உரிய மகவு இல்லை. அவை சிதறிப்போகாமல் அரசினர் காத்தனர். 1951 திசம்பர் 16ஆம் நாள், அவர் வாழ்ந்த திவான் தேவடி மாளிகையே அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, திறந்துவைத்தவர் நேரு. 1968இல் அப்பொருள்கள் மூசி ஆற்றங்கரைப் புதுக்கட்டடத்திற்கு மாறின.